ஒத்தெல்லோ நாடகத்தில் பொறாமையும் சூழ்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒத்தெல்லோ வெனிஸ் குடியரசின் படைத்தளபதி. கறுப்பு நிறத்தவன், மூர் (வட ஆப்பிரிக்க) இனத்தவன், சிறு வயதிலிருந்தே போர்க்களத்தில் வளர்ந்தவன். செனட்டர் பிரபான்ஷியோவின் மகள் டெஸ்டிமோனாவும் அவனும் அப்பாவுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அந்த இரவே, துருக்கியக் கப்பற்படை சைப்ரஸை நோக்கி வருவதாகச் செய்தி வருகிறது. அரசு ஒத்தெல்லோவை அங்கே அனுப்ப, மனைவியும் போகிறாள். துருக்கியரின் கப்பல்கள் புயலில் சிதைந்துவிடுவதால் போரே நடக்கவில்லை. கோட்டையில் வேலையில்லாத ஒரு படை உட்கார்ந்திருக்கிறது, அதற்குள் இயாகோ இருக்கிறான்.

இயாகோ, ஒத்தெல்லோவின் கொடிதாங்கி அதிகாரி. தனக்குக் கிடைக்க வேண்டிய துணைத்தளபதி பதவி காசியோ என்ற இளைஞனுக்குப் போய்விட்டது என்று கொதிக்கிறான். டெஸ்டிமோனாவுக்கும் காசியோவுக்கும் தொடர்பு இருப்பதாகத் தளபதியை நம்பவைக்கிறான். ஒத்தெல்லோ மனைவியைக் கொல்கிறான். உண்மை தெரிந்ததும் தன்னையும் குத்திக்கொண்டு சாகிறான்.

இது ஷேக்ஸ்பியரின் சொந்தக் கற்பனையா?

எலும்புக்கூடு அவருடையதல்ல. இத்தாலியரான ஜிரால்டி சின்தியோ 1565-இல் வெளியிட்ட கதைத்தொகுப்பில் ஒரு மூர் தளபதியின் கதை இருக்கிறது. அதில் பெயருள்ள முக்கியப் பாத்திரம் டிஸ்டெமோனா மட்டும்தான். மற்றவர்கள் மூர், கொடிதாங்கி, துணைத்தளபதி என்று பதவியால்தான் குறிப்பிடப்படுகிறார்கள். கொடிதாங்கி அவள்மேல் ஆசைப்பட்டு, கிடைக்காத கோபத்தில் பழிவாங்குகிறான். கொலையும் அங்கே கொடூரமானது: மணல் நிரப்பிய காலுறையால் அடித்துக் கொன்று, கூரை இடிந்து விழுந்ததுபோல் ஜோடிக்கிறார்கள்.

ஷேக்ஸ்பியர் இதை 1603, 1604 வாக்கில் நாடகமாக்கினார். 1604 நவம்பர் 1 அன்று லண்டன் வைட்ஹால் அரண்மனையில் மன்னர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் நடந்ததுதான் பதிவாகியிருக்கும் முதல் அரங்கேற்றம். சைப்ரஸ் 1571-இலேயே துருக்கியர் கைக்குப் போய்விட்டது. இந்தத் தீவு எப்படியும் பறிபோகப்போகிறது என்று தெரிந்தவர்கள்தான் அன்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் செய்த பெரிய மாற்றம், கொடிதாங்கியின் காதலைக் கிட்டத்தட்ட எடுத்துவிட்டதுதான். அதனால்தான் அடுத்த கேள்வி நானூறு வருஷமாகத் தீரவில்லை.

இயாகோ ஏன் இதைச் செய்கிறான்?

அவனே நிறையக் காரணங்கள் சொல்கிறான். பதவி போனது ஒன்று. களத்தில் ஒரு படைப்பிரிவைக்கூட நடத்தாத, கணக்குப் போடத் தெரிந்த ஒரு பிளாரன்ஸ்காரனுக்கு அது போனது இன்னும் எரிச்சல். தன் மனைவி எமிலியாவோடு ஒத்தெல்லோ படுத்திருப்பான் என்று ஊரில் பேச்சு இருப்பதாகச் சொல்கிறான். உண்மையா தெரியாது, ஆனால் சந்தேகம் வந்துவிட்டதால் உண்மை என்றே வைத்து நடப்பேன் என்கிறான். அப்புறம் காசியோமீதும் அதே சந்தேகம். டெஸ்டிமோனாமேல் தனக்கும் ஆசை உண்டு என்று ஒரு வரி வேறு.

இத்தனை காரணம் சொல்கிறவனுக்கு உண்மையில் காரணமே இல்லை, கெடுதல் செய்யும் புத்திக்குச் சாக்குத் தேடுகிறான் என்றார் கவிஞர் கோல்ரிட்ஜ். புகழ்பெற்ற கருத்து, ஆனால் நான் அதை முழுக்க ஏற்கவில்லை. இயாகோவின் பேச்சில் திரும்பத் திரும்ப வருவது பொறாமைதான். ஐந்தாம் அங்கத்தில் காசியோவைப் பற்றி, இவன் வாழ்க்கையில் தினமும் ஓர் அழகு இருக்கிறது, அது என்னை அசிங்கமாகக் காட்டுகிறது என்கிறான். திட்டம் தீட்டி யாரையும் ஏமாற்றுகிற வரியாக இது எனக்குத் தோன்றவில்லை. உள்ளே இருப்பது தானாக வெளியே வந்துவிட்ட வரி. ஒத்தெல்லோவுக்கு அவன் ஊட்டும் விஷம் முதலில் அவன் வயிற்றில் இருந்ததுதான். மனைவிமேல் ஆதாரமில்லாத சந்தேகம், கேள்விப்பட்டதை உண்மையாக எடுத்துக்கொள்வது, அவளிடம் நேராகக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளாதது என்று தன் நோயை அப்படியே இன்னொருவனுக்கு ஏற்றுகிறான்.

ஒரே காட்சியில் ஒரு கணவன் இப்படி மாறுவது நம்பும்படியாக இருக்கிறதா?

மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. தொடக்கத்தில் ஒத்தெல்லோ, உன்னை நேசிக்காத நாள் வந்தால் உலகமே மறுபடி குழப்பமாகிவிடும் என்று மனைவியைப் பார்த்து உருகுகிறான். அதே காட்சியின் முடிவில் அவளைக் கொல்வதென்று தீர்மானித்துவிடுகிறான். காகிதத்தில் பார்த்தால் நம்ப முடியாது. வரிவரியாகப் படித்தால் தப்பிக்க வழியில்லாமல் தெரியும்.

இயாகோ தொடங்குவது பொய்யோடு அல்ல. இயாகோ ஊற்றிக்கொடுத்த குடியால் சண்டையிட்டுப் பதவி பறிபோன காசியோ, டெஸ்டிமோனாவிடம் சிபாரிசு கேட்டுவிட்டுத் தளபதி வருவதைக் கண்டு வெட்கத்தில் விலகிப்போகிறான். “ம்ம், எனக்கு இது பிடிக்கவில்லை” என்கிறான் இயாகோ. என்ன சொன்னாய் என்று கேட்டால், ஒன்றுமில்லை. இப்போது போனது காசியோதானே என்று ஒத்தெல்லோ கேட்க, காசியோவா, குற்றவாளி மாதிரி நழுவிப்போக அவனுக்கு என்ன அவசியம், அவனாக இருக்காது என்கிறான். காசியோவுக்குப் பரிந்து பேசுகிற அந்த வாக்கியத்தில்தான் ‘குற்றவாளி மாதிரி’ என்பது உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது.

அடுத்து கேள்விகள். நீங்கள் காதலித்த காலத்தில் காசியோவுக்குத் தெரியுமா? தெரியுமே, எங்கள் இருவருக்கும் நடுவில் தூது போனவனே அவன்தான். “அப்படியா!” ஏன், அவன் நேர்மையானவன் இல்லையா? “நேர்மையா, பிரபு?” நீ என்னதான் நினைக்கிறாய்? “நினைக்கிறேனா, பிரபு?” ஒத்தெல்லோ சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறான், வேறொன்றும் இல்லை. காலியாக விட்ட இடத்தையெல்லாம் ஒத்தெல்லோவே நிரப்புகிறான். இவன் மனத்தில் வெளியே காட்ட முடியாத ஏதோ ஒரு பூதம் இருக்கிறது என்று அவனே முடிவுகட்டுகிறான். வத்தி வைப்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ‘நான் சொன்னேன்னு சொல்லாதீங்க’ என்பவரைவிட, ‘வேண்டாம், விடுங்க, நான் எதுக்குச் சொல்லணும்’ என்பவர்தான் ஆபத்தானவர். அந்த வகையின் உச்சம் இயாகோ.

கேட்பவனே கெஞ்சும் நிலைக்கு வந்ததும், பொறாமை என்ற பச்சைக்கண் அரக்கனிடம் ஜாக்கிரதை என்று இயாகோவே எச்சரிக்கிறான். ‘பொறாமை’ என்ற சொல் இப்படி நல்லெண்ண ஆலோசனையாக உள்ளே நுழைகிறது. அப்புறம் மூன்று ஊசிகள். வெனிஸ் பெண்கள் கணவனுக்குத் தெரியாமல் செய்வதை ஆண்டவன் மட்டும் பார்க்கிறான், உங்களுக்கு எங்கள் ஊர் தெரியாது. உங்களைக் கட்டிக்கொள்ள அவள் அப்பாவையே ஏமாற்றியவள். தன் ஊர், தன் நிறம், தன் அந்தஸ்துக்கு ஏற்ற வரன்களை விட்டுவிட்டு உங்களைத் தேர்ந்தெடுத்ததே இயல்பாக இல்லையே.

இந்த மூன்றில் முதலாவதை ஒத்தெல்லோவால் சரிபார்க்க முடியாது. இரண்டாவது நடந்த விஷயம். கிளம்பும்போது பிரபான்ஷியோவும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனார்: அப்பனை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றுவாள். மூன்றாவது அவனுக்குள் ஏற்கெனவே இருக்கும் பயம். தனியாக விடப்பட்டுக் காரணம் தேடும்போது ஒத்தெல்லோ முதலில் சொல்வது, நான் கறுப்பன் என்பதாலோ, நயமாகப் பேசத் தெரியாததாலோ, வயது இறங்கத் தொடங்கிவிட்டதாலோ என்றுதான். இதுவரை ஒரு ஆதாரமும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

காட்சி முடியும்போது இருவரும் மண்டியிட்டுச் சபதம் செய்கிறார்கள். இனி நீதான் என் துணைத்தளபதி என்கிறான் ஒத்தெல்லோ. என்றென்றும் உங்களுடையவன் என்கிறான் இயாகோ. ஒரு திருமணம் முறிந்த இடத்தில் இன்னொரு திருமணம்போல் அது நடக்கிறது. பார்க்கக் கூசுகிறது.

மற்றவர்களை எப்படி ஆட்டிவைக்கிறான்?

ஒவ்வொருவரிடமும் அவரவருக்கு எது வலுவோ அதையே பிடிக்கிறான். டெஸ்டிமோனாமேல் ஒருதலைக் காதலில் இருக்கும் பணக்கார ரோடெரிகோவிடம் ஆசையைக் காட்டி, பையில் பணம் போடு, பணம் போடு என்று சொல்லிச் சொல்லியே உறிஞ்சுகிறான். குடித்தால் தாங்காது என்று சொல்லும் காசியோவுக்கு ஊற்றிக் கொடுத்து, சண்டை மூட்டி, வேலையைப் பறிக்கிறான். டெஸ்டிமோனாவின் இரக்கத்தை எடுத்து, அவளுடைய நல்ல குணத்திலிருந்தே எல்லோரையும் சிக்கவைக்கும் வலையைப் பின்னுவேன் என்று வாய்விட்டே சொல்கிறான்.

ஓர் உதாரணம் எனக்கு எப்போதும் திகைப்பாக இருக்கும். பெயர் கெட்டுவிட்டதே என்று அழும் காசியோவிடம், நற்பெயர் என்பது வெற்றுக் கற்பிதம், தகுதியில்லாமல் வரும், காரணமில்லாமல் போகும் என்கிறான். அடுத்த அங்கத்தில் ஒத்தெல்லோவிடம், நற்பெயர்தான் ஆன்மாவின் முதல் நகை, என் பணத்தைத் திருடினால் குப்பை, பெயரைத் திருடினால் நான் ஓட்டாண்டி என்கிறான். இரண்டும் அழகான பேச்சு. இரண்டாவதைத் தனியாக எடுத்துப் பொன்மொழியாகப் பகிர்பவர்கள், அது யார் வாயில், எதற்காக வந்தது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

எல்லோருமே அவனை ‘நேர்மையான இயாகோ’ என்கிறார்களே, யாருக்குமே சந்தேகம் வராதா?

‘நேர்மை’, ‘நேர்மையான’ ஆகிய சொற்கள் நாடகத்தில் 50 முறைக்கும் மேல் வருகின்றன. பெரும்பாலும் இயாகோவை ஒட்டியே. பாசாங்கு செய்யாமல், பச்சையாகப் பேசும் பட்டாளத்துக்காரன் என்ற தோற்றம்தான் அவனுடைய மூலதனம். நாடகத்திலேயே அதிக வரிகள் பேசுபவனும் அவன்தான், ஒத்தெல்லோ அல்ல. தனிமொழிகளில் தன் திட்டத்தை நமக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். எல்லாம் தெரிந்துகொண்டு வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் அவஸ்தை பார்வையாளருக்கு.

ஒத்தெல்லோ இயல்பிலேயே சந்தேகப் பேர்வழியா?

விமரிசகர்கள் இதில் இரண்டு கட்சி. ஏ. சி. பிராட்லி 1904-இல் எழுதியபோது, சந்தேகமே தெரியாத பெருந்தன்மையான மனிதன், அவன் இடத்தில் யார் இருந்திருந்தாலும் இயாகோவின் பேச்சில் கலங்கியிருப்பார்கள் என்ற பாணியில் அவனைப் பார்த்தார். எஃப். ஆர். லீவிஸ் 1937-இல் அதை உடைத்தார். ஒத்தெல்லோ தன்னைப் பற்றிய பெருமிதத்தில் மூழ்கியவன், அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் விழுந்தான், எதிரி உள்ளேயே இருந்தான் என்றார்.

எனக்கு வேறொரு இடம் முக்கியமாகப் படுகிறது. நாலாம் அங்கம் இரண்டாம் காட்சியில் அவன், டெஸ்டிமோனாவின் பணிப்பெண்ணாகவும் இருக்கும் எமிலியாவை விசாரிக்கிறான். காசியோவும் டெஸ்டிமோனாவும் தனியாகக் கிசுகிசுத்தார்களா? இல்லை. உன்னை வெளியே போகச் சொன்னார்களா? ஒருபோதும் இல்லை. என் ஆன்மாவைப் பணயம் வைக்கிறேன், அவள் சுத்தமானவள் என்கிறாள் எமிலியா. கூடவே இருந்து பார்த்த ஒரே சாட்சி அவள். அந்தச் சாட்சியத்தை, இதையெல்லாம் எந்தக் கூட்டிக்கொடுப்பவளும் சொல்வாள் என்று ஒதுக்கிவிடுகிறான். டெஸ்டிமோனா நேரடியாகவே கேட்கிறாள்: யாரோடு, பிரபு? எப்படித் துரோகம் செய்தேன்? பதில் இல்லை. காசியோவின் பெயரை அவளிடம் குற்றச்சாட்டாக அவன் சொல்வதே படுக்கையறையில், கொல்ல வந்தபிறகு. கொலை முடியும்வரை காசியோவிடம் எதையும் கேட்கவில்லை. மறைந்து நின்று, பியான்கா என்ற வேறொருத்தியைப் பற்றிக் காசியோ சிரித்துப் பேசுவதைத் தன் மனைவியைப் பற்றியது என்று எடுத்துக்கொள்கிறான், அவ்வளவுதான்.

ஆக, அவன் ஏமாளி என்பதோடு நிறுத்த முடியாது. ஓர் ஆண், அதுவும் கூடப் போரிட்டவன், சொன்னதற்கு ஒரு எடை. இரண்டு பெண்கள் சத்தியம் செய்தாலும் அதற்கு எடையில்லை. இயாகோவின் சூழ்ச்சி முழுக்க இந்தத் தராசை நம்பித்தான் நிற்கிறது.

அப்படியானால் நிறப் பாகுபாடு?

முதல் காட்சியிலேயே, ஒத்தெல்லோவின் பெயரை யாரும் சொல்வதற்கு முன்பே, ‘தடித்த உதட்டுக்காரன்’ என்ற வசையும், வெள்ளை ஆட்டை ஏறும் கிழட்டுக் கறுப்புக் கிடா என்ற கேவலமான பேச்சும் வந்துவிடுகின்றன. பிரபான்ஷியோ அவனை விருந்துக்கு அழைத்து, போர்க்கதைகளை ஆசையாகக் கேட்டவர். மகளைக் கட்டியதும், சூனியம் வைத்துவிட்டான் என்று வழக்குத் தொடுக்கிறார். வெனிஸுக்கு அவன் வாள் வேண்டும், மருமகனாக வேண்டாம். இது தெரிந்தே வாழ்ந்தவன் ஒத்தெல்லோ. உன் மனைவி உன்னைத் தேர்ந்தெடுத்ததே விசித்திரம் என்ற ஒரு வரி அவனை அடித்துவிடுவதற்குக் காரணம் அதுதான்.

ஒரு கைக்குட்டைக்காக இவ்வளவு பெரிய துயரமா?

1693-இலேயே தாமஸ் ரைமர் இதைக் கடுமையாகக் கிண்டல் செய்தார். நல்ல மனைவிமார் தங்கள் துணிமணியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே நாடகத்தின் பாடம் என்றார். ரைமர் தவறவிட்டது, கைக்குட்டையின் அற்பத்தனம்தான் விஷயம் என்பதை. பொறாமைக்காரனுக்குக் காற்றைப்போல் லேசான பொருளும் வேதவாக்குப்போல் உறுதியான சாட்சி என்று இயாகோவே சொல்கிறான்.

ஸ்ட்ராபெரிப் பூவேலை செய்த அந்தக் கைக்குட்டை ஒத்தெல்லோவின் முதல் பரிசு. தலைவலி என்கிற கணவனுக்குக் கட்டிவிட டெஸ்டிமோனா அதை எடுக்கிறாள். சின்னதாக இருக்கிறது, விடு என்று தட்டிவிடுவது ஒத்தெல்லோ. அவன் தட்டியதால் விழுந்த கைக்குட்டையையே பின்னால் அவள் துரோகத்துக்குச் சான்றாகக் கேட்கிறான். எமிலியா எடுத்துப் புருஷனிடம் கொடுக்க, அது காசியோவின் அறைக்குப் போகிறது.

டெஸ்டிமோனா ஏன் உண்மையைச் சொல்லவில்லை?

கைக்குட்டை எங்கே என்று கேட்டபோது தொலையவில்லை என்கிறாள். பயத்தில் வந்த பொய். அவன் கேட்ட விதத்தையும் சொல்லிவிட வேண்டும்: ஒரு எகிப்தியப் பெண் தன் தாய்க்குக் கொடுத்தது, தொலைத்தால் கணவன் அன்பு போய்விடும் என்று ஒத்தெல்லோ மிரட்டியபிறகுதான் அந்தப் பொய். கடைசிக் காட்சியில் இதே கைக்குட்டை தன் அப்பா அம்மாவுக்குக் கொடுத்தது என்கிறான். எது நிஜம் என்று நாடகம் சொல்வதில்லை.

அவளை வாயில்லாப் பூச்சியாகப் பார்ப்பது தவறு. செனட் சபை நடுவே நின்று, அப்பாவுக்கு எதிராகத் தன் கல்யாணத்தை நியாயப்படுத்தியவள் அவள்.

எமிலியாவும் குற்றவாளிதானே?

கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தது அவள். எஜமானி தேடும்போது வாய் திறக்காததும் அவள். அது குற்றம்தான். ஆனால் யாரோ ஒரு அயோக்கியன் பதவிக்காக இந்தப் பழியைக் கட்டியிருக்கிறான், இல்லையென்றால் என்னைத் தூக்கில் போடுங்கள் என்று, பக்கத்தில் நிற்பவன்தான் அவன் என்று தெரியாமலே இயாகோ முன்னால் கத்துபவளும் அவள்தான். கணவர்களுக்கு இருக்கும் உணர்ச்சி மனைவிகளுக்கும் உண்டு என்று பேசுபவளும் அவளே. உண்மை புரிந்த நொடியில், வாயை மூடு, வீட்டுக்குப் போ என்று கத்தியை உருவும் புருஷனுக்கு அவள் அடங்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு அவன் கையாலேயே சாகிறாள். இந்த நாடகத்தின் வீரர் யார் என்று கேட்டால் நான் அவள் பெயரைத்தான் சொல்வேன்.

‘ஒத்தெல்லோ சிண்ட்ரோம்’ என்பது இதிலிருந்து வந்ததா?

ஆமாம். துணை துரோகம் செய்கிறார் என்ற அசைக்க முடியாத மனப்பிரமைக்கு 1955-இல் ஜான் டாட், கென்னத் டியூஹர்ஸ்ட் என்ற இரு மருத்துவர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் ஒத்தெல்லோவுக்கு அது பொருந்தாது. அவனுக்குத் தானாகப் பிரமை வரவில்லை, ஒருவன் உட்கார்ந்து உண்டாக்கினான்.

உளவியலாளர் பால் எக்மன் சொன்ன ‘ஒத்தெல்லோ தவறு’ இன்னும் நெருக்கமானது. உண்மை பேசுபவர் நம்பப்படமாட்டோமோ என்று பதறுவதை, பொய் சொல்பவரின் பதற்றம் என்று எடுத்துக்கொள்வது அது. காசியோ செத்துவிட்டான் என்று கேட்டதும் டெஸ்டிமோனா அழுகிறாள். தன்னைக் காப்பாற்றச் சாட்சி சொல்ல இருந்த ஒரே ஆள் போய்விட்டான் என்ற அழுகை. ஒத்தெல்லோ அதைக் காதலனுக்கான கண்ணீராகப் பார்க்கிறான்.

மேடையில் இந்த வேடத்தை யார் யார் ஏற்றார்கள்?

நீண்ட காலம் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கறுப்புப் பூசியே நடித்தார்கள். நியூயார்க்கில் பிறந்த கறுப்பு நடிகர் ஐரா ஆல்ட்ரிஜ், அந்த வேடத்தில் நடித்துக்கொண்டிருந்த எட்மண்ட் கீன் மேடையிலேயே சரிந்தபிறகு, 1833-இல் லண்டன் கோவென்ட் கார்டனில் ஒத்தெல்லோவாக நின்றார். பத்திரிகைகள் நிறத்தை வைத்தே அவரைத் தாக்கின. 1848-இல் கொல்கத்தாவின் சான் சூசி அரங்கில் வைஷ்ணவ் சரண் ஆட்யா என்ற வங்காளி ஆங்கிலேய நடிகர்கள் நடுவே இந்த வேடத்தை ஏற்றார். பால் ரோப்சன் 1943-இல் தொடங்கி நியூயார்க் பிராட்வேயில் 296 முறை நடித்தார். இனவெறிச் சட்டங்கள் இருந்த தென்னாப்பிரிக்காவில், 1987-இல் ஜேனட் சுஸ்மன் இயக்கத்தில் ஜான் கானி ஜோகன்னஸ்பர்க்கில் நடித்தது தனித் துணிச்சல். தமிழில், 1963-இல் வந்த ‘இரத்தத் திலகம்’ படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் ஒத்தெல்லோ காட்சியொன்றை நடித்திருக்கிறார்கள்.

முடிவில் இயாகோவுக்கு என்ன ஆகிறது?

சாவதில்லை. ஒத்தெல்லோ குத்தியும், ரத்தம் வருகிறது, ஆனால் சாகவில்லை என்கிறான். ஏன் செய்தாய் என்று கேட்கும்போது, என்னிடம் எதுவும் கேட்காதீர்கள், தெரிந்தது தெரிந்ததுதான், இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான். தண்டனை காசியோவின் பொறுப்பில் விடப்படுகிறது, மேடையில் நடப்பதில்லை.

முதல்முறை படிக்கிறேன், எங்கே ஆரம்பிக்கலாம்?

முதலிலிருந்தே படியுங்கள். ஆனால் மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சி வரும்போது நிறுத்தி, சத்தமாக ஒருமுறை வாசியுங்கள். இயாகோ எங்கே பேசாமல் நிறுத்துகிறான் என்பது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். முழு நாடகமும் முடிந்தபின் நாலாம் அங்கத்தின் இரண்டாம், மூன்றாம் காட்சிகளுக்குத் திரும்பி, டெஸ்டிமோனாவும் எமிலியாவும் பேசுவதை மட்டும் தொடர்ச்சியாகப் படித்துப் பாருங்கள். நேரத்தைச் சுருக்க மேடையேற்றங்களில் வெட்டப்படும் பகுதிகளில் அவையும் உண்டு. அதனால் வெட்டாத பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.